மழுங்காத கத்தி

"அட, மறுபடியும் தீட்ட ஆரம்பிச்சுட்டாரே!"

வரிசையில் யாரோ அலுத்துக்கொண்டது காதில் விழவும், சாப்பாட்டுத் தூக்கோடு மீன் சந்தைக்குள் நுழைந்தவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

மீன் வெட்டித் தருவதுதான் அவள் கணவனின் பிழைப்பு. அவன் பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் பையும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவனோ குழந்தைக்குத் தலை வாரி விடுகிற மாதிரி, கத்தியைக் கல்லில் வைத்துச் சாவகாசமாக இழுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்றார் ஒருவர்.

"கத்தி மழுங்கிப்போச்சுங்க. கொஞ்சம் பொறுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துப் பலகைக்கு நகர்ந்தார். அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

கொஞ்ச நாளாக வீட்டுக்கு வரும் காசு ஏன் குறைந்துபோயிற்று என்று அவளுக்கு இப்போது புரிந்தது. கத்தி அடிக்கடி மழுங்குகிறது என்று அவன் சொன்னதற்காகத்தானே, தையல் வேலையில் மிச்சம் பிடித்து, போன வாரம் அவனுக்குப் புதுக் கத்தி வாங்கித் தந்தாள்!

"கெட்டியான எஃகும்மா. காலையில ஒரு தடவை தீட்டினா சாயங்காலம் வரைக்கும் கல்லைத் தேட வேண்டாம்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அவனும் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மாடி, என்ன பளபளப்பு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

மறுநாள் காலையில் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். புதுசு அலமாரியில் சுற்றின துணியோடு அப்படியே கிடக்கிறது.

தூக்கை டொக்கென்று பலகையில் வைத்தாள்.

"நான் வாங்கித் தந்த கத்தி என்னங்க பாவம் பண்ணிச்சு?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "நீயா? வா வா. அது நல்ல கத்திதான், யாரு இல்லேன்னா? ஆனா ரொம்பக் கெட்டி இரும்பு. மழுங்க நாளாகும், வாஸ்தவம். மழுங்கிட்டா லேசுல கல்லுக்கு மசியாது. அரை நாள் மல்லுக்கட்டணும். பெரிய மீன் தலையில போட்டா விளிம்பு தெறிச்சாலும் தெறிச்சிடும். இது இளகின இரும்பு. சீக்கிரம் மழுங்கும், ஆனா நாலு இழுப்பு இழுத்தா கூர் ஏறிடும்."

"நாலு இழுப்பா? நான் வந்ததிலேர்ந்து நாப்பது இழுத்தாச்சு!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் அசடு வழிந்தான். அவசர அவசரமாக இரண்டு பேருடைய மீனை வெட்டிக் கொடுத்தான். அடுத்தவர் பையை நீட்டியதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"மறுபடியும் மழுங்கிடுச்சு. கல்லை நனைச்சிட்டு வந்துடறேன்" என்று குழாயடிப் பக்கம் நழுவினான்.

அவள் கத்தியைக் கையில் எடுத்தாள். பலகை ஓரத்தில் கிடந்த காகிதத்தின் மேல் சும்மா வைத்தாள். காகிதம் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

இதுவா மழுங்கின கத்தி?

அப்படியானால் அவ்வளவும் நடிப்பு! உடம்பு வணங்கவில்லை, வேறென்ன? கண் எரிய எரிய, ராத்திரியும் பகலுமாகத் தைத்துச் சேர்த்த காசு. வரட்டும், இத்தனை பேர் முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"தங்கச்சி, கொஞ்சம் இங்க வா."

பக்கத்துப் பலகை அக்கா. அவர் இடது கையால் செதில் உரசிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எதிரே மூன்று பேர் நின்றார்கள்.

"அவரைத் திட்டிடாதே" என்று அக்கா காதோடு சொன்னார். "நான் கை முறிஞ்சு, கட்டுப் பிரிச்சுட்டு வேலைக்கு வந்தப்போ, என் பலகைப் பக்கம் ஒரு ஈ காக்கா வரலை. நான் வெட்ட நேரமாகுமாம். கூட்டம் மொத்தமும் அவர்கிட்டதான். ஒண்ணு ரெண்டு நாள் பார்த்தார். அப்புறம் அவர் கத்தி மழுங்க ஆரம்பிச்சிடுச்சு."

அவள் எதிரே நின்ற மூன்று பேரையும் பார்த்தாள். கணவனின் வரிசையில் சற்று முன் முணுமுணுத்துக்கொண்டு போனாரே, அவரும் அதில் இருந்தார்.

"பணமா நீட்டினா நான் வாங்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும். எனக்கு இது தெரியும்னு மட்டும் அவருக்குத் தெரியாது. காட்டிக்கொடுத்துடாதே தங்கச்சி, மனுஷன் கூச்சத்துல நெளிஞ்சுபோயிடுவார்."

அவள் அந்தக் கோணல் மணிக்கட்டை ஒரு தரம் தொட்டாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கல்லில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் வந்து நின்றான். முகத்தில் திருட்டு முழி.

"கோச்சுக்காதே. நாளைக்கு நீ வாங்கித் தந்ததையே கொண்டு வந்துடறேன்" என்றான் மெல்ல.

"என்னம்மா, ஆச்சா இல்லையா?" என்று வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார்.

அவள் கத்தியை எடுத்துக் கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"எங்கங்க ஆச்சு? சுத்தமா மழுங்கிக் கிடக்கு. நீங்க நல்லா நிதானமா தீட்டுங்க!"