சாம்பலின் சொந்தக்காரர்கள்

களிமண் தோண்டத் தடை வந்தபிறகு, செங்கல் சூளைகளில் அனல்மின் நிலையச் சாம்பலுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பாளையம்மாவின் வீட்டின்மேல் பல வருடங்களாகக் கொட்டி மண்ணிலும் படிந்த சாம்பலைத் திரும்ப அள்ளிக்கொள்ள மின் நிலைய நிறுவனம் ஆள் அனுப்பியது. சாம்பல் இருக்கும் இடத்தில் கத்தும் கருவியோடு அவன் வந்தான்.

“தரைக்கடியில முழங்கால் ஆழத்துக்கு இருக்கும்மா. எங்க சொத்து. நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிடுங்க.”

“கழுவி விடுங்கன்னு கெஞ்சினப்ப, எங்க சாம்பலே இல்லன்னீங்களே நைனா?”

அவன் கருவியோடு திரும்பினான். கருவி அவள் மார்புக்கு நேரே வந்ததும் கத்தியது.

“இங்கயும் இருக்குது பாரு. மொதல்ல இத்தத் தோண்டு,” என்றாள்.

அவன் கருவியை அணைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் லாரிகள் வந்தபோது, அந்தத் தெருவில் இருமுகிறவர்கள் எல்லோரும் அவரவர் வாசலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.