டைப் அடிக்காத வரிகள்

"என் எழுத்துல கை வைக்க நீ யாரும்மா?"

சிதம்பரநாதன் போட்ட சத்தத்தில், லஸ் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டைப்பிஸ்ட் வஜீஹா எழுந்து நின்றாள்.

சிதம்பரநாதன் ஒரு கம்பெனியில் பர்சேஸ் மேனேஜர். தொண்ணூற்றெட்டு கடைசியில் இன்டர்நெட்டில் சொந்தமாக ஒரு பக்கம் ஆரம்பித்தார். பெயர், 'ஒளிவு மறைவில்லாமல்'.

வாராவாரம் வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டு வந்து வஜீஹாவிடம் கொடுப்பார். அவள் தமிழில் டைப் அடித்துப் பக்கத்தில் ஏற்றுவாள்.

முதலில் அரசியல் எழுதினார். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர் இரண்டு மாதம் பதினேழிலேயே நின்றது. பதினேழு தடவையும் கவுன்ட்டரைப் பார்க்க வந்தது அவரேதான்.

அப்புறம் தெரிந்தவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தார். இஸ்திரி போடுகிறவர், லிப்ட் ஆபரேட்டர், மைத்துனர், மேல் வீட்டு மாமி. கவுன்ட்டர் நாலாயிரத்தைத் தாண்டியது. நியூஜெர்சியிலிருந்தும் துபாயிலிருந்தும் படித்தவர்கள் கருத்து எழுதும் கெஸ்ட்புக்கில் பாராட்டு குவிந்தது.

அந்தப் பாராட்டை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். கட்டுரையைத் திறந்ததே இல்லை. "எழுதினவனே நான்தானே, எனக்குத் தெரியாதா?"

ஆபீசில் யாராவது எதிர்த்துப் பேசினால், "உன்னைப் பத்தி எழுதிருவேன், ஜாக்கிரதை" என்று மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்திருந்தார்.

நேற்று காலை மேல் வீட்டு ஜலஜா மாமி கையில் ஒரு காகிதத்தோடு மந்தைவெளி வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. 'படிச்சுட்டாங்களோ?'

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சார்" என்றாள் மாமி.

சிதம்பரநாதன் விழித்தார்.

"என் பிள்ளை ஷ்ரவண் அமெரிக்காலேர்ந்து இதை அனுப்பியிருக்கான். நீங்க என்னைப் பத்தி எழுதினது. படிச்சுட்டு போன்ல அழறான் சார். அவர் போனப்புறம் நான் எப்படிப் பொழுதைத் தள்ளிண்டிருக்கேன்னு அவனுக்கு இப்பத்தான் புரிஞ்சுதாம். டிசம்பர்ல வரேன்னு சொல்லியிருக்கான். மூணு வருஷம் கழிச்சு! அப்பா காரியத்துக்குக்கூட அவனால வர முடியலை."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

'மேல் வீட்டு ஜலஜா மாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதுதான் வயலின் கற்றுக்கொள்கிறார். காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால், ஆறு மணி வரைக்கும் ஒரே சரளி வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்.'

அவ்வளவுதான். கட்டுரை அங்கேயே முடிந்திருந்தது.

அவர் எழுதியது அங்கே முடியவில்லை. 'பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பாவம், அந்த மனுஷன் மாரடைப்பில் போனார் என்கிறார்கள். காதடைப்பில்தான் போயிருப்பார்!' என்று முடித்திருந்தார். எழுதிவிட்டு அரைமணி நேரம் தானே சிரித்த வரி அது.

வேறு ஆளாக இருந்தால் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டிருப்பார். இவருக்கு ஆத்திரம் வந்தது. மாமி படியேறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டார். நேற்று சென்டருக்கு லீவு. இன்று திறந்ததும் வந்துவிட்டார்.

சென்டர் ஓனர் சுப்பராமன் ஓடி வந்தார். "சார் சொல்றது நிஜமாம்மா?"

"ஆமா சார்" என்றாள் வஜீஹா. "பதினோரு கட்டுரையில எடுத்திருக்கேன். நானா ஒரு வார்த்தை சேர்க்கலை. சில வரியை டைப் அடிக்கக் கை வரலை. விட்டுட்டேன்."

"யாரைக் கேட்டு விட்டே?"

"கேட்டிருக்கணும் சார். தப்புதான்."

"பார்த்தீங்களா சுப்பராமன்? பாதி எழுத்துக்கே ஜனங்க இந்தக் கொண்டாட்டம் கொண்டாடுது. முழுசும் படிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சுப்பராமனுக்குத் தெரியவில்லை. தலையாட்டினார்.

"நான் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் இருக்கா?"

வஜீஹா ஒரு ஃபைலை எடுத்து நீட்டினாள். ஒரு தாள் கசங்காமல் எல்லாம் இருந்தது.

"எல்லாத்தையும் இருக்கிறபடியே ஏத்து. ஒரு கமா குறையக் கூடாது."

"வேற எதுவானாலும் அடிச்சுத் தரேன் சார். இதை என் கையால அடிக்க மாட்டேன்."

சுப்பராமன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெகுலர் கஸ்டமர்மா. பிடிவாதம் பிடிச்சேன்னா நான் வேற ஆள்தான் பார்க்கணும்."

"பார்த்துக்குங்க சார்."

கைப்பையை எடுத்துக்கொண்டு வஜீஹா படியிறங்கிப் போய்விட்டாள்.

சுப்பராமன் இரண்டு விரலால் தட்டித் தட்டி, நாலு நாளில் பதினோரு கட்டுரையையும் கமா குறையாமல் ஏற்றினார்.

அடுத்த சனிக்கிழமை சிதம்பரநாதன் வந்து உட்கார்ந்தார். கவுன்ட்டரில் ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூறு ஏறியிருந்தது.

"பார்த்தீங்களா?" என்று சுப்பராமனைப் பார்த்துச் சிரித்தார். "இதான் என் முழு எழுத்து!"

கெஸ்ட்புக்கைத் திறந்தார். வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எல்லாருக்கும் மேலே ஷ்ரவண் எழுதியிருந்தான்.

'மதிப்புக்குரிய சிதம்பரநாதன் சார், உங்கள் பக்கத்துக்குள் யாரோ ஒரு கேடுகெட்டவன் புகுந்து, என் அப்பாவின் சாவைக்கூடக் கேலி செய்து எழுதி வைத்திருக்கிறான். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உங்களைப் போன்ற நல்ல மனிதர் இதைப் பார்த்தால் எவ்வளவு வேதனைப்படுவீர்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தயவுசெய்து பாஸ்வேர்டை உடனே மாற்றிவிடுங்கள்.'