மூலையில் ஒரு புள்ளி

அந்த ரத்தப் பரிசோதனை லேபில் மூன்று பேர் இருந்தார்கள்.

ஜன்னல் ஓரத்து மரநாற்காலியில் டாக்டர் இன்னாசி, வலது காலை நீட்டியபடி. வாசல் பக்க மேஜையில் ஃபர்சானா; லேப் படிப்பு முடித்து வேலைக்கு வந்து இரண்டு மாதம். நடுவில், மைக்ராஸ்கோப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் தாளை விரித்திருந்தாள் அவள்.

கடிதம் என்றால் அவள்தான் எழுத வேண்டும். டாக்டரின் எழுத்து அவளைத் தவிர யாருக்கும் புரியாது.

லேப்களைத் தணிக்கை செய்யும் அலுவலகம் கேட்டிருந்தது. யார் யார் வேலை செய்கிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை, யாருடைய மேற்பார்வை. அடியில் ஒரு வரி: படிப்புச் சான்றிதழ் இல்லாதவர் பார்க்கும் ஒவ்வொரு ஸ்லைடையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். இயலாவிட்டால் சான்றிதழ் இல்லாதவரை மைக்ராஸ்கோப்பில் உட்கார வைக்கக் கூடாது.

ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தாள். பள்ளிக்கூடத்தில் பழகியபடி, இடது பக்கம் இரண்டு விரல் இடம் விட்டு.

"கட்டம் போடுறதப் பாத்தா ஜாதகம் எழுதுற மாதிரில்ல இருக்கு" என்றார் டாக்டர்.

அவள் சிரிக்கவில்லை.

முதல் பெயர் டாக்டருடையது. பட்டங்கள் ஒரு வரியில் அடங்கவில்லை.

இரண்டாவது ஃபர்சானா.

மூன்றாவது அவள். பன்னிரண்டாம் வகுப்பு.

பாட்டில் கழுவ வந்தவள். பத்தொன்பது வருடம் ஆயிற்று. ரத்தம் தடவிய ஸ்லைடில் இப்போது அவள் கண்ணுக்குத் தப்புவது அபூர்வம். என்றாலும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட அவளுக்கு உரிமை இல்லை. சந்தேகம் வந்தால் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள்.

புள்ளியைக் கண்டால் டாக்டர் எழுந்து, எட்டு வைத்து வருவார். ஆறு எட்டு. குனிந்து பார்ப்பார். புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

ஒரே ஒருமுறை, ஒரு லாரி டிரைவரின் ரிப்போர்ட்டைப் புள்ளி வைக்காமல் அனுப்பினாள். அன்று டாக்டர் ஏனோ தானாகவே எழுந்து வந்தார். ஸ்லைடின் ஓரத்தில் ஒற்றை மலேரியாக் கிருமி.

அவர் ரிப்போர்ட்டைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

ஆகவே, அந்த விதியின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை.

ஆனால் ஒரு நாளைக்கு முப்பது ஸ்லைடு. முப்பது தடவை எழுந்து வர டாக்டரின் வலது முழங்காலால் ஆகாது.

தன் வரியில் 'என்ன வேலை' கட்டத்தில் எழுதினாள்: பாட்டில், ஸ்லைடு கழுவுதல்.

மை காய ஊதினாள். ஃபர்சானாவிடம் நீட்டினாள்.

"ஒருக்க படிச்சுட்டு சார்ட்ட குடும்மா."

ஃபர்சானா படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். இனி அந்த இடம் ஃபர்சானாவுக்குத்தான்.

பென்சிலை எடுத்தாள்.

டாக்டர் தாளை வாங்கினார். பேனாவைத் திறந்தார். மூலையைப் பார்த்தார்.

பேனாவை மூடினார்.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஆறு எட்டு. மைக்ராஸ்கோப் மேஜையில் தாளை வைத்து, குனிந்து, மூன்றாவது வரியை விரல் ஓட்டிப் படித்தார்.

"யாரும்மா புள்ளி வச்சது?"

"சந்தேகம்னா வைக்கணும்னு அக்காதான் சொல்லிருக்காங்க சார்" என்றாள் ஃபர்சானா, பென்சிலை மறைக்காமல்.

அவர் அந்த வரியை அடித்தார். மேலே கோழி கிண்டியதுபோல ஏதோ எழுதினார். வாசிக்க அவளால் மட்டுமே முடிந்தது.

'ஸ்லைடு பார்ப்பவர். ஒவ்வொன்றையும் நான் மறுபடி பார்க்கிறேன்.'

"உங்க கால் என்னத்துக்கு ஆகும் டாக்டர்?"

"அத நான் பாத்துக்கிறேன். என் எழுத்து அந்த ஆபீஸ்ல எவனுக்குப் புரியும்? உன் கையால அழகா எழுதிரு, பொன்னுத்தாயி."

புதுத் தாள் எடுத்தாள். இரண்டு விரல் இடம் விட்டாள். கோடு இழுத்தாள். மூன்றாவது வரிக்கு மட்டும் மற்ற இரண்டையும்விட அதிக நேரம் பிடித்தது.

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

உறையின் வாயில் கோந்து தடவிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் மரநாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு பக்கத்தை ஃபர்சானா பிடித்திருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்திலிருந்து புறப்பட்டது. மெதுவாக வந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது.

அவள் ஸ்டூலுக்கு அருகில் வந்து நின்றது.

அவள் திரும்பவில்லை. ஒட்டிய இடத்தையே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஒட்டிருச்சுக்கா, விடுங்க" என்று உறையை வாங்கிக்கொண்டு ஃபர்சானா தபாலாபீசுக்குப் போனாள்.