பூத்தால் தெரியும்

"அக்கா, சொன்னா கேளுங்க. மொட்டு விரியறதுக்குள்ள வெட்டிப் போட்டுடுங்க. பாராங் கத்தி இல்லேன்னா நான் கொண்டாரேன்."

வேலியருகே குந்தியிருந்த தங்கமணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொடியின் தூரைச் சுற்றி மணலும் சாம்பலும் கலந்து மேடு கட்டிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

"எதுக்கு வெட்டணும்?"

"எதுக்கா? இது பூத்துட்டா உங்க வீட்டுக்காரரு உங்கள உயிரோட விடுவாரா?" என்றாள் பக்கத்து வீட்டு இராஜம்மா.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தின் வரிசை வீடுகளில் எல்லோரும் இதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கமணியின் புருஷன் கன்னையாவுக்குத் தண்டவாளம் போடும் வேலை. சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போய்த் திரும்பினால் இடுப்பு வார் கைக்கு வந்துவிடும். கேட்க நாதியில்லை. அடிப்பது அவன் உரிமை, வாங்குவது அவள் தலையெழுத்து என்று லயமே தீர்ப்பு எழுதி வைத்திருந்தது. அடுத்தவள் முதுகுக்குத் தீர்ப்பு எழுதுவதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

ஆடி மாதம் வேலியோரம் இந்தக் கொடி முளைத்தது. ஒருநாள் வாரை உருவியவனிடம் தங்கமணி நிதானமாகச் சொன்னாள்.

"அடிங்க. ஆனா வேலியில ஏறுறது கண்வலிக் கிழங்கு. இந்த வீட்டுல சோறாக்குறது நான். ரெண்டையும் ஞாபகத்துல வச்சுக்கிட்டு அடிங்க."

அந்தக் கிழங்கின் விஷம் என்னவென்று ஊரிலிருந்து கப்பலேறி வந்த அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓங்கிய கை இறங்கியது. அன்று முதல் அவள் ஒரு வாய் தின்ற பிறகுதான் அவன் தட்டைத் தொட்டான். கொடியை அவனே வெட்டி எறிந்திருக்கலாம். ஆனால் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று லயம் சிரிக்குமே, அதற்கு என்ன செய்வது?

கள்ளுக்கடையில்தான் ஒருவன் அவனுக்குத் தெம்பு கொடுத்தான். "அட, ஆத்தோரத்துல ஒரு காட்டுக்கொடி இருக்குலா. அதுக்கும் இலை நுனி இப்படித்தான் சுருளும். அது பொடிப்பொடியா வெள்ளையா பூக்கும். கண்வலின்னா கார்த்திகையில நெருப்பாட்டம் பூக்கும். பூத்தா தெரிஞ்சுடும்."

அதிலிருந்து கன்னையா கார்த்திகைக்காகக் காத்திருந்தான். "வெள்ளையா பூக்கட்டும்டி. இத்தனை மாசத்துக்கும் சேர்த்து வாங்குவ" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போனான்.

இராஜம்மாவின் நடுக்கத்துக்குக் காரணம் வேறு. அவள் இங்கேயே பிறந்தவள், கண்வலியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவள் ஒருத்தியிடம் மட்டும் தங்கமணி ஒரு விஷயம் சொல்லியிருந்தாள்.

"கிள்ளான் ஆத்தோரத்துல பிடுங்கி நட்டதுதான்னு நீங்கதானே சொன்னீங்க" என்று இப்போது வேலியருகே இராஜம்மா குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளையா பூக்கப் போறதுக்கு மேடு கட்டுறீங்க, குச்சி நடுறீங்க, நார் கட்டுறீங்க. உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"தடிக் கம்புன்னா இந்த இலை நுனியால பிடிக்க முடியாது. மூங்கிச் சிம்புதான் தோது" என்றாள் தங்கமணி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல்.

"பொறுத்துப் போங்கக்கா. வெட்டிட்டு அவரு கால்ல விழுந்துடுங்க. எல்லா வீட்டுலயும் இருக்கறதுதானே."

தங்கமணி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எல்லா வீட்டுலயும் இருந்துட்டுப் போகட்டும். என் வீட்டுல இனிமே கிடையாது. இது பூக்கும். நான் பூக்க வைப்பேன். அவரு வந்து கண்ணால பார்க்கட்டும்."

கார்த்திகை பிறந்த வாரத்தில் ஒரு காலை, கன்னையா வேலைக்குக் கிளம்பும் நேரம், மொட்டு விரிந்துவிட்டது என்ற செய்தி குழாயடிக்கு வந்தது. அவன் இடுப்பு வாரை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தான். தங்கமணி அடுப்படியை விட்டு நகரவில்லை. கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

இராஜம்மா தன் வீட்டுக்குள் ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அடி விழும் சத்தம் கேட்கவில்லை. கையை எடுத்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாரை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகு கன்னையாவின் குரல், கெஞ்சுகிற குரல், இதுவரை அந்த லயத்தில் யாரும் கேட்டிராத குரல் வந்தது.

"தங்கம், நீ ஒரு வாய் குடிச்சிட்டு எனக்கு ஊத்தேன்."

அவன் வேலைக்குப் போனதும் இராஜம்மா வேலிக்கு ஓடினாள். ஆறு இதழ்கள் மேல்நோக்கி நெளிந்து நின்றன. அடியில் மஞ்சள். நுனியில் சிவப்பு, அடுப்பு எரிகிற மாதிரி. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"அக்கா, ஆத்தோரக் கொடின்னீங்களே."

"பொய் சொன்னேன். கோடி வீட்டுப் பவுனம்மா கப்பலேறி வந்தப்போ, ஊருலேர்ந்து மஞ்சளோட மஞ்சளா முடிஞ்சு கொண்டாந்த நிசக் கிழங்கு இது. உள்ளதைச் சொல்லியிருந்தா, பாவம்னு நீயே பிடுங்கி எறிஞ்சிருப்ப."

இராஜம்மாவின் வீட்டுக்குள்ளிருந்து அவள் புருஷன் அதட்டிக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சன்னக் குரலில் கேட்டாள்.

"தை மாசம் கொடி காஞ்சதும் கிழங்கைத் தோண்டுவீங்கல்ல? எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க."