கலியன் கொடுத்த ரத்தம்

"நம்பர் பதினேழு! கலியன்ஜி கோன் ஹை?"

நர்ஸ் இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். கலியன் எழுந்திருக்கவில்லை. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை ஏற்றிக்கொண்டு, செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். டில்லியில் எத்தனையோ ஆஸ்பத்திரிகள் இருக்க, இந்த ஈரல் நோய்ப் பிரிவின் வராந்தாவில், அதுவும் மூன்றாவது பெஞ்சில், பூங்கோதை உட்கார்ந்திருந்தாள்.

ஒளிந்து என்ன பயன்? டில்லியில் கலியன் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருக்கும்? அவள் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே! நீங்களா?" எழுந்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "இங்க எங்க வந்தீங்க?"

"சும்மாம்மா. கேஸ் ட்ரபிள். உனக்கு என்ன?"

"ஹெபடைடிஸ் சி-ண்ணே. போன வருஷம் ஸ்கூல்ல டீச்சருங்களுக்கெல்லாம் செக்கப் வச்சாங்க. அதுல மாட்டிக்கிச்சு. மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டேன், கேட்கலை. ஈரல்ல தழும்பு விழ ஆரம்பிச்சிடுச்சாம். முதல் மருந்து கேட்காதவங்களுக்குன்னே புதுசா ஒரு மாத்திரை வந்திருக்காம், மூணு மருந்தை ஒண்ணாச் சேர்த்தது. அதுக்குத்தான் வரச் சொன்னாங்க."

கலியன் செய்தித்தாளை நாலாக மடித்தார். "எப்படி வந்துச்சாம்?"

பூங்கோதை அவர் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள்.

"பிரசவத்துல ஏத்தின ரத்தமா இருக்கலாம்ங்கிறார் டாக்டர்."

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நடந்த பிரசவம் அது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இரண்டு பேரும் அடுத்தடுத்த வீடு. அவள் கணவன் ஜெயசீலன் ராணுவத்தில், எல்லையில் இருந்தான். நடுப்பகலில் அவளுக்கு வலி எடுத்தபோது ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கலியன்தான். ரத்தம் வேண்டும் என்றதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படுத்தவரும் அவர்தான். தாயும் பிழைத்தாள், மகள் அபூர்வாவும் பிழைத்தாள்.

அன்றிலிருந்து டில்லி வழக்கப்படி வருஷம் தவறாமல் பூங்கோதை அவருக்கு ராக்கி கட்டினாள். கட்டி முடிப்பதற்குள், "இது வெறும் கயிறு இல்லை. என் ரத்தமே இவ உடம்புல ஓடுது" என்று கலியன் ஆரம்பித்துவிடுவார். ரத்தம் கொடுத்ததற்கான அட்டையை இன்னும் பர்ஸில் வைத்திருந்தார். தமிழ்ச் சங்க விழாவில் அதைப் பஸ் பாஸ் மாதிரி எல்லோரிடமும் நீட்டுவார். ஒரு வருஷம் மேடையேற்றிச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

அந்தச் சால்வைதான் அவர் வாயைக் கட்டிப்போட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வியாதி அவருக்கு இருப்பது தெரிந்தது. முப்பது வருஷப் பழசாக இருக்கும், எங்கேயாவது சுத்தமில்லாத ஊசி போட்டிருப்பார்கள் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலில் நடுங்கி, முடி கொட்டி, ஆபீசில் டைபாய்டு என்று பொய் சொன்னார். பூங்கோதையிடம் போய், "நீயும் டெஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று சொல்ல எத்தனையோ தடவை கிளம்பினார். ஒவ்வொரு தடவையும் அவள் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். உயிர் கொடுத்த அண்ணன் என்ற பெயர் போய்விடுமே!

"பதினேழு! ஜல்தி கீஜியே!" நர்ஸ் கத்தினாள்.

கலியன் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"கேஸ் ட்ரபிள் இல்லைம்மா. எனக்கும் அதே வியாதிதான். பன்னிரண்டு வருஷமாத் தெரியும். ஊசியும் கேட்கலை, அப்புறம் கொடுத்த மாத்திரையும் கேட்கலை. நானும் அந்தப் புது மாத்திரைக்குத்தான் வந்திருக்கேன். உனக்கு இதைக் கொடுத்தது நான்தான். தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருந்தா உன் ஈரல் இப்படி ஆகியிருக்காது. வெட்கங்கெட்டவன்மா நான்."

அவள் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் பூங்கோதைக்குக் கண் கலங்கியது.

"எனக்குத்தாண்ணே வெட்கமா இருக்கு. இத்தனை வருஷம் உங்களை ஏமாத்திட்டேன்."

"நீயா?"

"உங்க அட்டையில என்ன குரூப்பு போட்டிருக்கு? பி பாசிட்டிவ். நான் ஓ பாசிட்டிவ். உங்க ரத்தத்தை எனக்கு ஏத்தியிருந்தா அன்னிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன். நீங்க கொடுத்ததை ரத்த வங்கியில வாங்கி வச்சுக்கிட்டு, அதுக்குப் பதிலா என் குரூப்புல வேற ஒரு பாட்டில் கொடுத்தாங்க. அங்க வழக்கமே அதுதானாம். வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸம்மா சொன்னாங்க. நீங்க அவ்வளவு பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க. மறுத்துச் சொல்ல எனக்கு மனசு வரலை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ரத்தம் ஒரு சொட்டுகூட என் உடம்புல இல்லைண்ணே."

பன்னிரண்டு வருஷமாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியது. கலியன் நீளமாக மூச்சு விட்டார். முருகா என்று கும்பிடக் கையைத் தூக்கினார்.

தூக்கிய கை பாதியிலேயே நின்றது. வராந்தாவில் ஃபைலும் கையுமாக உட்கார்ந்திருந்த ஐம்பது அறுபது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்போ நான் கொடுத்த பாட்டிலை யாருக்கும்மா ஏத்தினாங்க?"