மலைமேல் ஒரு துக்கம்

பெரியப்பாவின் உடலை எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், கிடங்குக்காரர் மலைமேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மூக்கு நுனியில் கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரி இருந்தது.

அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். பெரியப்பா குத்துக்கல்லாட்டம் நன்றாகவே இருக்கிறார். குழாய்க் கம்பெனியில் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நம் ஆளுக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. மாமனாரை ஏற்கெனவே இரண்டு தடவை சாகடித்தாகிவிட்டது. இந்தத் தடவை பெரியப்பா சிக்கினார், அவ்வளவுதான்.

எல்லாம் மனைவிக்காக. வீட்டுக்கு வீடு ஓவியர் இருக்கும் இந்தச் சின்ன மலை ஊரைப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு ஆசை. "இந்தக் கல்யாண நாளுக்கும் டிமிக்கி குடுத்தீங்கன்னா நான் தனியாப் போயிடுவேன். திரும்பி வர்றது சந்தேகம்" என்று சொல்லிவிட்டாள்.

காலையில் கிடங்குக்காரர் மேனேஜருக்குப் பயந்து பயந்துதான் போன் போட்டார். சூப்பர்வைசர் பதவி யாருக்கு என்று நாளைக்கு அந்த மனிதர்தான் முடிவு செய்யப்போகிறார். புளுகு தெரிந்தால் பதவியும் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு.

"சார்... எங்க பெரியப்பா... போயிட்டார் சார்."

"எப்ப எடுக்கறாங்க?"

"மத்தியானம் சார்."

"சரி. போயிட்டு வாங்க. நானும் இன்னிக்கு ஆபீஸ்ல இல்ல, வெளியூர் மீட்டிங்."

தும்மினால்கூட ஏன் என்று குடைகிற மேனேஜர், அதோடு விட்டுவிட்டார். உதட்டையே பிரிக்காமல் பேசின மாதிரி இருந்தது. பல்வலி போலிருக்கு, பாவம் என்று நினைத்துக்கொண்டு நம் ஆள் பஸ் ஏறினார்.

"ஏங்க, அந்தத் தொப்பியையும் கருப்புக் கண்ணாடியையும் கழட்டுங்களேன். பேங்கைக் கொள்ளையடிக்க வந்த ஆள் மாதிரி இருக்கு."

"யாராவது பார்த்துட்டா?"

"இந்த மலையில உங்களை எவன் பார்க்கப் போறான்?"

அங்கேதான் வம்பு. அந்த ஊரில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்ததோடு விடாமல் வரைந்தும் தொலைத்தார்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சுக்காரர் பென்சிலை எடுத்தார். படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றால் ஒரு அம்மாள் சாயக் கையோடு ஓடி வந்து, "அப்படியே நில்லுங்க, இந்த மாதிரி மூக்கு லேசுல கிடைக்காது" என்றாள். படம் எங்கே தொங்கும், யார் கண்ணில் படும் என்ற பயத்தில் கிடங்குக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

ஓடி வந்து நின்ற இடம் ஊர் நடுவில் இருந்த சதுக்கம். அங்கே ஒரு மரப்பெட்டியின் மேல், உடம்பெல்லாம் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு, தகரத் தொப்பியோடு ஒருவர் சிலையாக நின்றார். தட்டில் காசு விழுந்தால் போதும், இடுப்பு வரைக்கும் குனிந்து சலாம் போட்டார்.

மனைவி காசு போட்டாள். சிலை குனிந்தது. அவள் கைதட்டிக் குதித்தாள்.

கிடங்குக்காரரும் தொப்பி, கண்ணாடியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு காசு போட்டார். சிலை அசையவில்லை. இன்னொரு காசு போட்டார். ம்ஹூம். ஒரு நோட்டையே எடுத்து வைத்தார். கண்ணிமைகூட ஆடவில்லை.

"ஊருக்கெல்லாம் சலாம், எனக்கு மட்டும் கிடையாதா?"

"விடுங்க, உங்க மூஞ்சியைப் பார்த்து அரண்டு போயிட்டார் போல."

"அதெல்லாம் இல்ல. இவரு எங்க மேனேஜர் ரகம். நாம என்ன செஞ்சாலும் ஒரு அசைவு வராது. சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்துங்கன்னு கேட்டுப் பாரு, அந்த ஆளும் இப்படித்தான் நிப்பார், சுண்ணாம்பு அடிச்ச தூணாட்டம்."

குழாயைத் தட்டித் தட்டியே பழகின கை சும்மா இருக்குமா? தகரத் தொப்பியை விரலால் டங்கென்று சுண்டினார். "கேட்டியா சத்தத்தை? உள்ள ஒண்ணுமே இல்ல. அச்சு அசல் அவர் மண்டைதான்!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று கிடங்குக்காரருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதவியாவது மண்ணாவது, இதற்கு எத்தனை பெரியப்பாவை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது.

"ஒரே ஒரு போட்டோங்க. யாருக்கும் அனுப்ப மாட்டேன், சத்தியமா."

"எடு, எடு! நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு? எங்க மேனேஜரே வந்தாலும் எடு!"

சொன்னதோடு நில்லாமல் பெட்டி மேலேயே ஏறிவிட்டார். சிலையின் தோளில் கையைப் போட்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, கடைவாய்ப் பல் வரைக்கும் காட்டினார். வெள்ளிச் சாயம் அவர் கன்னத்திலும் அப்பியது.

மனைவி போனைத் தூக்கி, "ரெடியா?" என்றாள். அந்த நேரம் பார்த்து, உதட்டைப் பிரிக்காமலே சிலை அவர் காதுக்குள் கேட்டது:

"பெரியப்பாவை எடுத்தாச்சா?"