நூற்றுக்குப் பதினொன்று

“உங்கள் வேகம் மிகவும் குறைவு. மதிப்பெண், நூற்றுக்குப் பதினொன்று.”

செல்போனில் பேசிய பெண் குரலுக்கு ஈவிரக்கமே இல்லை. அம்முலு சைக்கிளை விட்டு இறங்கி வேர்வையைத் துடைத்தாள். ஐயங்கார்குளத்திலிருந்து பொங்கல் சீர் கொண்டுவந்திருந்த அவள் அப்பா முனியனுக்குச் சுருக்கென்றது.

“இன்னா மாப்ளே இது? எம்பொண்ண இந்த வாங்கு வாங்குது?”

“ஏஐ கோச்சு மாமா,” என்றான் வேதகிரி. “ரேஸ் ஓட்றவங்களுக்குன்னே வந்துகீது. வீடியோ புடிச்சிப் போட்டா, தோள் ஆடுது, கை ஆடுதுன்னு புட்டுப் புட்டு வெச்சிடும்.”

“பதினொண்ணு எந்த மூலைக்கு? ஒங்க தங்கச்சிக்கு எவ்ளோ?”

“போன வருசத்து வீடியோவப் போட்டுப் பாத்தேன். தேவயானிக்குப் பதினேழு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

தேவயானி மாகறலில் வாழ்க்கைப்பட்டவள். காணும் பொங்கலன்று உத்திரமேரூர் ஏரிக்கரையில் நடக்கும் பெண்கள் சைக்கிள் போட்டியில் மூன்று வருடமாக அவளுக்குத்தான் முதல் பரிசு. போன வருடம் பரிசு மிக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “அண்ணி, நீ அம்மியிலயே அரைச்சிக்கினு கெட” என்று சொந்தபந்தம் முன்னால் சொன்னாள். அன்றோடு அம்முலு வீட்டில் சட்னி நின்றுபோனது.

இன்று சாயங்காலம் நாலாவது போட்டி. பெண்டாட்டி தோற்கப் போகிறாள், புருஷன் பல்லைக் காட்டுகிறான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். தங்கச்சிக்காக மாப்பிள்ளை ஏதோ உள்வேலை பார்க்கிறான் என்று முனியனுக்குப் பட்டுவிட்டது.

மதியம் கறிச்சோறு தின்றுவிட்டு வேதகிரி கண்ணயர்ந்தான். முனியன் சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார். டயரில் பாதிக் காற்று. பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விக்கொண்டிருந்தது. செயினில் எண்ணெய்ப் பசையே இல்லை.

“அடப்பாவி. கட்டினவ வண்டிக்கேவா?”

இருபது வருடம் செங்கல் சூளைக்குச் சைக்கிள் மிதித்த ஆள் அவர். காற்றடித்தார். பிரேக்கைத் தளர்த்தினார். மகளின் சமையற்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து செயினில் தாராளமாக ஊற்றினார். சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினால் பீடி தீரும் வரை ஓடியது.

“நீ கால நோவடிச்சிக்காத. நானே தள்ளிக்கினு வரேன்,” என்று மகளிடம் சொல்லி, ஏரிக்கரைவரை அவரே உருட்டிக்கொண்டு வந்தார்.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். மேடையில் புது மிக்ஸி, அட்டைப்பெட்டியோடு. ஒலிபெருக்கியில் பாட்டு அலறியதில் மைக்கில் என்ன அறிவித்தார்கள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே நாற்பது அடி தேறாது. இடம் பத்தவில்லை போலும் என்று முனியன் நினைத்துக்கொண்டார்.

ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். எதிர்க்கோட்டில் வேதகிரி செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அம்முலு, நேராப் பாரு. இன்னா ஆனாலும் தலயத் திருப்பாத. கோச்சு சொன்னது ஞாபகம் கீதில்ல?”

அம்முலு நேராகப் பார்த்தாள். முனியன் அவளுக்குப் பின்னால் குனிந்துபோய்க் கேரியரில் இரண்டு கையையும் வைத்தார்.

விசில் ஒலித்தது. பெற்ற வயிறு எரிந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளினார்.

“ஐயோ, எவன்டா அவன்?” அம்முலு பிரேக்கை அமுக்கினாள். பிடிக்கவில்லை. தளர்த்திய பிரேக்கும் தேங்காய் எண்ணெயும் தம் வேலையைக் காட்டின. கோட்டைத் தாண்டி, புருஷனைத் தாண்டி, கரும்பு ஜூஸ் வண்டியில் மோதி விழுந்தாள்.

முனியன் துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டே எதிர்க்கோட்டுக்கு ஓடினார். மற்ற ஐந்து பேரும் இன்னும் புறப்பட்ட கோட்டுப் பக்கத்திலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். தேவயானி சிரிப்பை அடக்க முடியாமல் ஹாண்டில்பாரை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேதகிரி கையிலிருந்த செல்போன் பேசியது. “மிகச் சிறப்பு. மதிப்பெண், நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.”

“கேட்டீங்களா மாப்ளே? மிசினே ஒத்துக்கிச்சி,” என்றார் முனியன், மூச்சு வாங்கிக்கொண்டே.

யாரும் கைதட்டவில்லை. அம்முலு எழுந்து, தலையிலிருந்த கரும்புச் சக்கையை எடுத்துப்போட்டுவிட்டு அப்பனைப் பார்த்தாள்.

“நைனா, கடைசியா வர்றவளுக்குத்தான் மிக்ஸி.”